பிறந்த வீட்டுக் கோடி

பெண் போலீஸ் என் அம்மாவின் நைட்டிக் கையை மெல்லச் சுருட்டி மேலே ஏற்றிப் பார்த்தார்.

காயம் ஒன்றும் இல்லை. மறு கையையும் பார்த்தார்.

கணவர் அடிப்பது உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேட்ட விதம் அன்பாகத்தான் இருந்தது.

"நோ. ஃபியூனரல். இந்தியா," என்றாள் அம்மா.

சோபாவில் கிடந்த ஃபோனுக்குள்ளிருந்து சுதர்சன் கத்திக்கொண்டிருந்தான். சுதர்சன் என் அத்தை மகன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் அவன் வீட்டு வாசலில் அத்தையைக் கிடத்தியிருந்தார்கள். மதியத்திலிருந்து நாங்கள் மூன்று பேரும் ஆஸ்திரேலியாவில், ட்ருகனினாவில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாமா, எங்க போயிட்டீங்க? கோடி போடணும் மாமா. பெரியவங்க எல்லாம் அவசரப்படுத்துறாங்க. வந்து முகத்தக் காட்டுங்க."

அந்தச் சத்தத்தை முதலில் நிறுத்தச் சொன்னார் பெண் போலீஸ்.

"மாட்டேன்," என்று தமிழிலேயே சொன்னாள் அம்மா.

அத்தை அப்பாவின் ஒரே அக்கா. பிறந்த வீட்டிலிருந்து தம்பி கோடிப் புடவை போர்த்திய பிறகுதான் உடலைத் தூக்குவார்கள். அரக்கு நிறப் புடவை. முந்தின நாள் கடைக்காரர் ஃபோனில் ஒவ்வொன்றாக விரித்துக் காட்ட, அப்பாதான் அதைத் தேர்ந்தெடுத்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஊரில் பங்காளி ஒருவர் அவருக்காகப் போர்த்துவதாக ஏற்பாடு.

அப்பா வெளியே போலீஸ் காரின் மேல் கைகளை வைத்தபடி நின்றிருந்தார்.

போலீஸ் வந்து மணி அடித்ததும் கதவைத் திறந்தவர் அவர்தான். அப்படியே அழைத்துக்கொண்டு போய் நிறுத்திவிட்டார்கள். இடுப்பில் வேட்டி, மேலுக்கு ஒன்றும் இல்லை, குளித்த தலை இன்னும் காயவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் எதையோ சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் கூட வந்த இளம் போலீஸ்காரர் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார்.

எதிர் வீட்டுக்காரர் தன் குப்பைத் தொட்டியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபுட்டி மேட்ச் நடக்கும் நாட்களில் அவர் வீட்டில் கண்ணாடி உடையும். ஒரு பெண் அலறுவாள். அந்த வாசலில் போலீஸ் கார் நின்று நான் பார்த்ததில்லை.

"உங்கள் கலாசாரத்தில் இதையெல்லாம் வெளியே சொல்வது கஷ்டம். எனக்குத் தெரியும்," என்றார் பெண் போலீஸ். ஹிந்தி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா என்றும் கேட்டார்.

அம்மாவின் காது ஃபோனில் இருந்தது.

இந்த வீட்டிலிருந்து ஒரு பெண் நெடுநேரம் அலறியதைத் தெருவே கேட்டிருக்கிறது; அது நீங்கள்தானே என்று கேட்டார் பெண் போலீஸ்.

இல்லை என்று தலையாட்டினாள் அம்மா.

அப்படியானால் நீயா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டில் வேறு பெண்கள் இல்லை. பயத்தில் மறைக்கிறோம் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. குரலை இன்னும் மென்மையாக்கிக்கொண்டார்.

ஃபோனில் பறை வேகமெடுத்தது.

"மாமா, போத்தியாச்சு. தூக்குறாங்க மாமா. நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குறாங்க!"

அம்மா எழுந்தாள். ஃபோனை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போனாள். பெண் போலீஸ் ஓடிப் போய்க் கையை நீட்டி மறித்தார். அந்தக் கைக்கு மேலே ஃபோனை உயர்த்தி, திரையை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்தாள் அம்மா. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஏங்க, தூக்குறாங்க! விட்ட எடத்துலேர்ந்து பாடுங்க!"

அப்பா போலீஸ்காரரைப் பார்க்கவில்லை. ஃபோனைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"பொறந்த வீட்டுக் கோடி வந்திருச்சே, என் அக்கா... போத்திவிடத் தம்பி கை வரலியே, என் அக்கா..."

அது ஆண் குரல் இல்லை. இழவு வீட்டில் ஊர்ப் பெண்கள் தலையோடு தலை சேர்த்து அழும்போது எழும் குரல். அத்தைக்கு ஒப்பாரி வைக்க உடன்பிறந்த பெண்ணும் கிடையாது, பெற்ற பெண்ணும் கிடையாது. அதனால் மதியம் அப்பாவே தொடங்கியிருந்தார்.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அப்பா. வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற அப்பா. இப்படி ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு இத்தனை வருடம் எங்களோடு எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார்?

பெண் போலீஸ் முதலில் தெருவைப் பார்த்தார், அந்தப் பெண்ணைத் தேடுகிறவர் போல. பிறகுதான் அப்பாவைப் பார்த்தார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

மார்பில் அடித்துக்கொள்ள அப்பாவுக்குக் கை எழவில்லை. காரின் மேலிருந்து எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பத்து விரலும் தகரத்தை அழுத்திக்கொண்டிருக்க, குரல் மட்டும் மேலே மேலே போனது. இளம் போலீஸ்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

ஃபோனில் பறை நின்றது.

பாடை நான்கு பேர் தோளில் ஏறியிருந்தது. யாரும் நடக்கவில்லை. சுதர்சன் ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்க வேண்டும்; கூட்டம் முழுவதும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தது.

"கீழ வைங்கப்பா," என்றான் சுதர்சன். "கீழ வைங்க. மாமா வந்துட்டாரு."