வரலாற்றின் முதல் வரி

பழைய மாணவி ஜீவராணி டிக்கோயாவிலிருந்த வீட்டுக்கே தேடி வந்ததில், ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் யோகேஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் தன் சொந்தச் செலவில் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவியிருக்கிறாளாம்.

"பதவிக்கு யார் பேரும்மா வச்சிருக்கே?" என்றார், தன் பெயராகத்தான் இருக்கும் என்ற நினைப்பில்.

"அந்தப் பதவியோட வரலாற்றைக் கொண்டு வந்திருக்கேன் சேர். முதல் வரியிலேயே நீங்கதான் இருக்கீங்க."

"இந்தக் காலத்துல இப்படி நன்றி யாருக்கு இருக்கு?" என்று பூரித்தவர், மனைவியையும் கூப்பிட்டு நிறுத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார்.

"'தோட்டத்து லயத்துப் புள்ளைக்குத் தேயிலைக் கொழுந்து கிள்ளத் தெரிஞ்சா போதும்' என்று யோகேஸ்வரன் ஆசிரியர் என்னை ஆய்வுகூடத்திலிருந்து மழையில் வெளியேற்றினார். நான் வெளியே நின்று பாடம் கேட்கட்டும் என்று, தினமும் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தவர் அங்கு வேலை செய்த இஸ்ஸதீன். இந்தப் பதவி அவர் பெயரால்..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரை மட்டும் எடுத்துடேன்மா."

"கல்லுல வெட்டியாச்சு சேர்," என்றாள் ஜீவராணி, அவர் தோளில் நழுவிய சால்வையை மெல்லச் சரிசெய்தபடி. "ரெண்டு பேரும் கல்வெட்டுத் திறப்பு விழாவுக்கு வந்துருங்க."