இறால் குட்டையில் கைதட்டல்

“காப்பாத்துங்க!” என்று இன்சாப் சேர் கத்தியதும், வரம்பில் நின்ற குருளைச் சாரணர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். சேர் நல்லா நடிக்கிறார் என்று பின்னாலிருந்து ஒரு பாராட்டும் கேட்டது.

எத்தாளைப் பக்கம், கடல்நீர்க் களப்போரத்தில் நடந்துகொண்டிருந்த விடுமுறைப் பாசறையில் அன்று மீட்புப் பயிற்சி. கைவிடப்பட்ட இறால் குட்டை ஒன்றில் சேர் சேற்றில் அகப்பட்டவர்போல நடிக்க வேண்டும், பிள்ளைகள் கயிறு போட்டு இழுக்க வேண்டும். சேரோ பாடசாலை நாடகங்களில் பரிசெடுத்த மனுசன். கணுக்கால் சேற்றில் நின்று கத்தினால் நடிப்பு எடுபடாது என்று இன்னும் இரண்டு எட்டு உள்ளே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கால் எழும்பவில்லை.

இப்போது சேறு இடுப்பைப் பிடித்திருந்தது. உதற உதற இன்னும் கீழே இழுத்தது. கச்சான் காற்று களப்புத் தண்ணீரை உடைந்த மதகு வழியாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. சேற்றுக்கு மேலே ஏறிய தண்ணீர் அவருடைய நெஞ்சைத் தொட்டுவிட்டது.

கைபேசி நனைந்துவிடும் என்று கூடாரத்தில் வைத்துவிட்டு வந்திருந்தார். உதவி ஆசிரியர் பாண் வாங்கக் கற்பிட்டிக்குப் போயிருந்தார். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்ததெல்லாம் பத்து வயதுப் பிள்ளைகள்தான்.

“புள்ளயள், இது நடிப்பில்ல. உண்மையாவே மாட்டுப்பட்டுட்டேன்.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் என்ன சொல்லிக் கத்தினாலும் நம்பக் கூடாது, உண்மை என்று சத்தியம் பண்ணினாலும் நம்பக் கூடாது என்று காலையில் வரிசையில் நிறுத்தி வைத்துச் சொன்னவரே அவர்தான். தன்னை உள்ளே வைத்துத் தானே பூட்டி, திறப்பையும் தூக்கி எறிந்த கதையாகிவிட்டது.

அணித் தலைவன் றிப்தி வரம்பின் விளிம்பில் குந்தினான். “நோயாளி அசையப்படாது சேர். அசைஞ்சா எங்களுக்குப் புள்ளி வெட்டுவீங்கதானே?”

சேர் கெஞ்சிப் பார்த்தார். அல்லாஹ் மேல் ஆணையிட்டார். வாப்பாவிடம் சொல்லித் தோலை உரிக்க வைப்பேன் என்று றிப்தியை வெருட்டியும் பார்த்தார். எல்லாவற்றுக்கும் கைதட்டல்தான் கிடைத்தது. ஆகச் சின்னவன் ஸப்ரான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு றோட்டுப் பக்கம் ஓடினான். சிரித்துச் சிரித்து மூத்திரம் முட்டிவிட்டதாக்கும் என்று சேர் நினைத்தார்.

அடுத்ததாக நாலு பேர் பாசறையின் கொடிக்கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். சேருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மஃரிப் தொழுகைக்கு முன்னால் கொடியை இறக்குகிறவன் பாசறை முடியும்வரை சட்டி கழுவ வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். அதை ஒரு பிள்ளையும் இதுவரை மீறியதில்லை. ஒரு விளையாட்டுக்காகக் கொடியையும் சாய்த்துவிட்டார்களே என்று அந்த நிலையிலும் அவருக்கு மனம் கொதித்தது.

சமையல் கூடாரத்துப் பலகைகளைச் சேற்றில் பரப்பி, கம்பத்தை அவற்றின் மேல் தள்ளி அவருடைய அக்குளுக்குள் கொடுத்தார்கள்.

“இறுக்கிக் கட்டிப் புடிங்க சேர், இது ரெண்டாவது கட்டம்” என்றான் றிப்தி. மற்றவர்கள் கைதட்டிப் பாசறைப் பாட்டைத் தொடங்கினார்கள்.

தண்ணீர் தோளுக்கு வந்தது. இனி உதறியும் பயனில்லை, கத்தியும் பயனில்லை என்று சேருக்குக் கை கால் எல்லாம் ஓய்ந்துபோனது. கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி அசையாமல் இருந்து கலிமாவைச் சொன்னார். வீட்டில் மனைவி றைஸா இந்நேரம் உலை வைத்திருப்பாள் என்று நினைத்ததும் கண் முட்டியது. பிள்ளைகள் பாட்டுப் பாடப் பாட மவுத்தாகிறவன் இந்தத் துன்யாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று நொந்துகொண்டார்.

மூன்றாவது பாட்டு நடந்துகொண்டிருந்தபோது டிராக்டர் சத்தம் கேட்டது. பக்கத்து வெங்காயத் தோட்டத்து ஆட்கள் வடக்கயிற்றோடு குதித்து இறங்கினார்கள். பலகையில் படுத்து அவருடைய நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டி, அணு அணுவாக இழுத்தார்கள். சேறு ஒருவழியாக அவரை விட்டது, காலில் கிடந்த சப்பாத்து இரண்டையும் தன்னிடம் வைத்துக்கொண்டது. தற்செயலாக இந்தப் பக்கம் வந்த மனுசருக்கு அல்லாஹ் நற்கூலி கொடுக்கட்டும் என்று சேர் வரம்பில் கிடந்து துஆக் கேட்டார்.

மூச்சுத் திரும்பியதும் கோபமும் திரும்பியது. எழும்பி உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்தார்.

“மனுசன் உசிருக்குப் போராடுறான், உங்களுக்குச் சிரிப்பா?”

கைதட்டல் நின்றது. டிராக்டரில் வந்து இறங்கியிருந்த ஸப்ரான்தான் முதலில் விம்மினான். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அழத் தொடங்கினார்கள். றிப்தி மட்டும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் முடியவில்லை. கழுத்துப்பட்டியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

“எங்களுக்கு முதல்லயே தெரியும் சேர். நாங்க அழுதா நீங்க உதறுவீங்க எண்டுதான் சிரிச்சோம்.”