நூற்று முப்பத்து மூன்று

"மெஷின்ல நூத்தி நாப்பத்தொண்ணுன்னு இருக்கு. உங்க நோட்டுல நூத்தி முப்பத்து மூணு. மிச்சம் எட்டு எங்கய்யா போச்சு?"

செயலாளர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

மீட்டர்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பந்தின் வேகத்தை அளக்கும் மெஷினை இருபது வருடமாகப் பிடிப்பவர் அவர். தேசிய அணிக்கு வேகப்பந்து வீச ஆள் தேடும் தேர்வில், மணிக்கு நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டரைத் தொட்டவனுக்குப் பயிற்சி முகாம். தொடாதவனுக்கு வீடு. அவர் நோட்டில் எழுதுவதுதான் தீர்ப்பு.

இந்த வாரம்தான் மெஷினை லேப்டாப்போடு இணைத்திருந்தார்கள். அதற்குள் இருந்த பழைய அளவுகளெல்லாம் திரையில் வந்துவிட்டன.

"இது ஞாபகம் வச்சுக்கும்னு எனக்குத் தெரியாது சார்."

"அப்ப கைதவறி எழுதலை?"

"இல்ல சார். தெரிஞ்சுதான் எழுதினேன்."

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வாரியத் தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அணி வரிசையாகப் பதினொரு மேட்ச் தோற்றிருந்தது. 'வேகம் போட ஆளே கிடைக்கவில்லை, நான் என்ன செய்யட்டும்' என்று நேற்றுதான் பேப்பர்காரர்களிடம் அலுத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு இடம் பிடிச்சுக் குடுக்க இந்த வேலை?"

"யாருக்கும் இல்ல சார்."

"இந்த ஒண்ணுதானா?"

"மூணு சார்."

செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்டுபிடித்தது ஒன்றைத்தான்.

கதவோரம் நின்றிருந்த பையனுக்கு வயது பத்தொன்பது. கால் நீளத்தைப் பார்த்து மைதானத்தில் அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். மறைந்துபோன எட்டு அவனுடையது.

"நாலு மாசமா நான் யார் மூஞ்சியிலயும் முழிக்கல சார்" என்றான். "எனக்குக் கை போயிடுச்சுன்னே நெனச்சேன். ஆறு வருஷம் ஓடி ஓடிப் போட்ட பந்தை இவரு பேனாவால அடிச்சுட்டாரு. பெரியவரே, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

மீட்டர்காரர் அவன் பக்கம் திரும்பவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார்.

"நாலு வருஷத்துல நூத்தி நாப்பதைத் தாண்டினவங்க ஆறு பேரு சார். உள்ளதை உள்ளபடி எழுதி முகாமுக்கு அனுப்பினேன். அங்க காலைல அறுபது பந்து, சாயங்காலம் அறுபது. வாரத்துல ஆறு நாள். எழுநூத்தி இருபது."

"அதுக்குப் பேருதான் பயிற்சி."

"ஆறு பேருக்கும் முதுகெலும்பு போச்சு சார். ஒருத்தன்கூட ஒரு வருஷம் தாண்டல. அதுல ஒருத்தன் மட்டும் நம்ம அணிக்கு ஆடினான், ஒரே ஒரு மேட்ச். போன மாசம் கடைத்தெருவுல பார்த்தேன். கையில இருந்த சாவி கீழ விழுந்துடுச்சு. 'கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்'னு என்கிட்டக் கேட்டான். அவனுக்கு இருபத்து மூணு வயசு. எனக்கு அறுபத்தொண்ணு."



"இதை முன்னாடியே எங்ககிட்டச் சொல்லியிருக்கணும்" என்றார் செயலாளர்.

"நாலு தடவை எழுதிக் குடுத்தேன் சார். தலைவர் மேஜைக்குத்தான் போச்சு."

தலைவர் செருமினார்.

"அளக்கிறது உங்க வேலை. ஆள் எடுக்கிறது எங்க வேலை. ஒரு நாட்டோட திறமையை நோட்டுக்குள்ள புதைச்சிருக்கீங்க. பதினொரு தோல்வியில உங்க பங்கு எத்தனைன்னு அதையும் எண்ணிப் பாருங்க."

"என் முதுகு சார்" என்றான் கொக்கு. "உடைஞ்சா உடையட்டும். நான் போடறேன்."

"கேட்டீங்களா? இப்படிப்பட்ட பசங்கதான் நமக்கு வேணும்." தலைவர் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "திங்கக்கிழமை முகாமுக்கு வந்துடு, தம்பி."

கொக்கு சட்டென்று குனிந்து தரையில் கிடந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தான். மீட்டர்காரர் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களை இன்னிக்கே அனுப்பணும்" என்றார் தலைவர் அவரிடம். "வயசைப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு தேர்வு இருக்கு. அதை முடிச்சுக் குடுத்துட்டு, சனிக்கிழமையிலிருந்து வர வேண்டாம்."

"தலைவருக்கு இளகின மனசு. வேற யாராவதா இருந்தா போலீசுக்குப் போயிருப்பாங்க" என்றார் செயலாளர்.

மீட்டர்காரர் நோட்டை மூடி மேஜையில் வைத்தார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

கீழே இறங்க இருபத்திரண்டு படி. பதினாலாவது படியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தலைவர் தனியாக இறங்கி வந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்."

இருபது வருடத்தில் அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வெள்ளிக்கிழமைத் தேர்வுக்கு என் சின்னவன் வர்றான். வேண்டாம்டான்னு நானும் அவங்கம்மாவும் சொல்லிப் பார்த்துட்டோம். நான் தடுத்தேன்னு தெரிஞ்சா வீட்டை விட்டே போயிடுவானாம். நூத்தி நாப்பது போடறான், பாவி."

மீட்டர்காரர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

தலைவர் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவனுக்கும் ஒரு நூத்தி முப்பத்து மூணு எழுதிடுங்கண்ணே."

"மெஷின் ஞாபகம் வச்சுக்குமே சார்."

"எதை அழுத்தினா அழியும்னு நான் காட்டித் தரேன்."