ஆடாத பீரோ

வேப்பம்பட்டு ஓட்டுவீட்டின் உள்ளறையில் மரம் ஒட்டும் வஜ்ரப் பசை கொதிக்கும் நாற்றம். மருமகள் கோவிந்தம்மா, தன் தாய்வீட்டுச் சீராக வந்த பலகை பீரோவின் முதுகில் குறுக்குச்சட்டம் வைத்து அடித்துக்கொண்டிருக்கிறாள். வாசல் சின்னது என்பதால் மதராஸிலிருந்து பலகை பலகையாக வந்து, உள்ளே திருகாணியால் பூட்டிய பீரோ அது. மூன்று வருஷமாக, "இவ அப்பன் ஊட்டு கௌரவம் மாதிரியே ஆடுது பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரித்த மாமியார் சம்பூர்ணம், இப்போது அதைத் தன் மகளுக்குக் கொடுத்தனுப்பப் போகிறாள். பக்கத்தில் குந்திக்கொண்டு ஆணிகளை அவளே எடுத்துக் கொடுக்கிறாள்.

"சம்பந்தி ஊட்ல சிரிக்கக் கூடாது. இன்னும் நாலு போடுடி."

"போட்டுக்கினேதான் கீறேன் அத்தே."

ஒவ்வொரு மூட்டிலும் சூட்டுப் பசை வழிய வழிய இறங்குகிறது. திருப்புளி பிடிக்காதபடி திருகாணித் தலைகளை அரத்தால் ராவி மழுக்குகிறாள் கோவிந்தம்மா. ஓட்டுக் கண்ணாடி வழியே விழும் வெயிலில் மரத்தூள் மினுக்குகிறது. சம்பூர்ணம் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்க்கிறாள். அசையவில்லை. வாயெல்லாம் பல்.

"இப்பதான்டி இது பீரோ. நாளைக்கு வண்டி வரும். கழட்டி ஏத்திட வேண்டியதுதான்."

"இன்னாத்த கழட்டறது அத்தே? இனிமே ஒடைச்சாத்தான் வாசல் தாண்டும்."

சம்பூர்ணம் பீரோவைப் பார்க்கிறாள், வாசலைப் பார்க்கிறாள். அவள் கையில் இன்னும் இரண்டு ஆணிகள் இருக்கின்றன. கோவிந்தம்மா அந்த விரல்களை மெதுவாகப் பிரித்து, அவற்றையும் வாங்கிப் பல்லில் கவ்விக்கொண்டு, சுத்தியலை ஓங்குகிறாள்.