மறதிப் பொத்தான்

பாளையங்கோட்டை பி.எட். கல்லூரியின் ஒத்திகை அறையில், திரைக்குள் கணினி உருவாக்கிய இருபத்தாறு கென்யப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி ஆசிரியையாகக் கென்யாவுக்குப் போகவிருந்த இசக்கிப்பிரியா, அவர்களுக்குக் கணக்கு நடத்திப் பழகிக்கொண்டிருந்தாள். பாடம் சொதப்பினால், அங்கே பழக வருகிற எல்லாரும் சிவப்புப் பொத்தானை அழுத்துவார்கள். பிள்ளைகள் நடந்ததை அடியோடு மறந்துவிடுவார்கள். அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் செல்வினுக்கு, பொத்தானைத் துடைத்துத் துடைத்தே கை ஓய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை அச்சியெங் என்ற சிறுமி, "சரியா டீச்சர்?" என்று நோட்டை நீட்டினாள். பிரியா நம் ஊர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். தப்பு என்று எடுத்துக்கொண்ட சிறுமி, சரியான விடையை அழித்துவிட்டாள். அதன்பின் நோட்டையே திறக்கவில்லை.

ஒரு பிள்ளை முகம் திருப்பிக்கொண்டாலும் வெள்ளிக்கிழமைத் தேர்வில் தோல்விதான், பயணமும் ரத்து. அப்படியும் பிரியா பொத்தான் பக்கம் போகவில்லை. தினமும் திரைக்கு முன் தரையில் உட்கார்ந்து, தப்பு தன்னுடையது என்று அச்சியெங்கிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை செல்வினுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நாளைக்குப் பரீட்சை. பட்டனை அமுக்குனா அது மறந்துரும்லா?"

"அங்க உள்ள பிள்ளைங்க மறக்காதுல்லாண்ணே."

வெள்ளிக்கிழமை, தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அச்சியெங் மெல்ல நோட்டை நீட்டினாள். பிரியா கழுத்தை விறைப்பாக்கிக்கொண்டு, மேலும் கீழுமாகத் தலையசைத்து, "சரிம்மா" என்று வாயாலும் சொன்னாள்.

கதவோரம் நின்ற செல்வினின் தலைதான், தன்னை மறந்து, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.