தொழில் பின்னணி

விண்ணப்பத்தில் ‘தொழில் பின்னணி’ என்ற கட்டத்தை நேர்காணலுக்கு மூன்றாவதாக வந்தவர் எழுந்து நின்று வாசிக்க ஆரம்பித்தார்.

பன்னிரண்டு வருட வகுப்பறை அனுபவமாம். இணையவழிக் கல்வியில் முன்னோடியாம். வாய் கூசவே இல்லை.

பள்ளிக்கு ஒரு டிஜிட்டல் கல்விப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்க நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். தாளாளர் வீடு கட்டி விற்பவர். அவருக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். வகுப்பில் நின்று தொண்டை கிழியக் கத்தியவள் நான் ஒருத்திதான்.

முதலில் வந்தவர் ஏழு வருடம் காப்பீடு விற்றவர். எங்கள் தலையிலும் ஒரு பாலிசியைக் கட்டிவிட்டுத்தான் போவார் போலிருந்தது.

இரண்டாவதாக வந்த டீச்சர் அந்தக் கட்டத்தில் ஒரே வரிதான் எழுதியிருந்தார். ஐந்தாம் வகுப்பு, பத்தொன்பது வருடம்.

ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகள் ஏன் கேமராவை அணைத்துவிடுகிறார்கள் என்று அவர் வீடு வீடாகப் போய்ப் பார்த்திருக்கிறார். பாதிப் பேருக்குத் தங்கள் வீட்டைக் காட்ட வெட்கம். அதனால் எல்லாப் பிள்ளைகளும் முதுகுக்குப் பின்னால் ஒரே மாதிரி நீலத் துணி தொங்கவிட ஏற்பாடு செய்திருக்கிறார்.

இந்த மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் வீட்டோடுதான். வேலை அவருக்குத்தான் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு இந்த மனிதர். டை, பளபளக்கிற ஷூ.

மாதிரிப் பாடம் என்று ஒரு வீடியோவைப் போட்டார். கரும்பலகையில் மின்சுற்று படிப்படியாக வளர்ந்தது. வரைகிற ஆளை வெட்டியெடுத்திருந்தார்கள். குரல் மட்டும் இவருடையது.

பலகையின் வலது மூலையில் சின்னதாக ‘ப 38, வ 0’ என்று இருந்தது. அது என்ன என்று கம்பெனிக்காரர் சும்மா கேட்டு வைத்தார்.

“முந்தின பாடத்து ஃபார்முலா சார். அழிக்க மறந்துட்டேன்.”

இருவரும் தலையாட்டினார்கள்.

ஃபார்முலாவாம்! பதிவு முப்பத்தெட்டு, வருகை பூஜ்யம். பள்ளிகள் மூடிக் கிடந்த நாளில் காலி வகுப்பில் தனியாக நின்று பாடம் பதிவு செய்த ஒருத்தி, பழக்க தோஷத்தில் அதையும் எழுதிவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பித்திருக்கிறாள். அது தெரியாத ஆள் ஒரு நாள்கூட வகுப்பில் நின்றிருக்க முடியாது. அடுத்தவள் உழைப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு என்ன ஒரு நிமிர்வு!

நான் வாயைத் திறந்தால் போதும். இந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கேள்வி ஏதாவது உண்டா என்று தாளாளர் என் பக்கம் திரும்பினார்.

இல்லை என்றேன்.

இவருக்கு ஐம்பதுக்கு நாற்பத்தாறு போட்டேன். அந்த டீச்சருக்கு முப்பத்தொன்று. உடனே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போலிருந்தது.

மதிப்பெண் தாளின் அடியில் ஒரு வரி அச்சாகியிருந்தது: ‘விண்ணப்பித்தவர்களில் எனக்கு உறவினர் யாரும் இல்லை.’ அதன் கீழும் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்து வணக்கம் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கைபேசியை எடுத்துப் பார்த்தேன்.

மகள் செய்தி அனுப்பியிருந்தாள்.

“அம்மா, உன் பழைய வீடியோவையே போட்டுக் காட்டினாரா? ஒன்றரை வருஷமா வீட்ல கெடந்த மனுஷன், இன்னிக்குத்தான் சிரிச்சுக்கிட்டே கிளம்பினார். மாப்பிள்ளைன்னுகூடப் பாக்காம கேள்வி கேட்டு நோகடிச்சிடாதே.”

ஒன்றும் கேட்கவில்லை என்று பதில் போட்டேன்.