பூஜை போட்ட வண்டி

அந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வீட்டுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் உண்டு. கார் வாங்காத ஜவுளிக்கடை நல்லபெருமாளுக்கும் உண்டு. கால் இரண்டும் சொன்னபடி நடக்கும்போது சக்கரம் நாலு எதற்கு என்பது அவர் கட்சி. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேதமூர்த்திக்கு, தன் மருமகன் புதுக்கார் எடுத்ததிலிருந்து, அந்த இடத்தின் மேல் ஒரு கண்.

"ஆயுதபூஜைக்கு உங்க இடத்துல ஒரு வண்டி நிக்கணும் அண்ணாச்சி. இல்லேன்னா இடம் மாப்பிள்ளைக்கு. கூட்டத்துல முடிவாயிடுச்சு."

"நிக்கும் சார்," என்றார் நல்லபெருமாள், விலையைக் குறைக்காதபோது சிரிக்கும் அதே சிரிப்போடு.

பூஜையன்று அந்தக் காலி இடத்தின் நட்டநடுவில் அவருடைய தோல்செருப்புகள் நின்றன. சந்தனம், குங்குமம், வாரில் கதம்பம். ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் எலுமிச்சம்பழம்.

"இதுவா வண்டி?"

"என்னைக் கடைக்குக் கொண்டுபோறது இதுதான சார்? பெட்ரோலும் கேக்காது."

மருமகன் பொறுமையிழந்து காரை உள்ளே திருப்பினான்.

"மாப்ளே, நிறுத்துங்க!" என்று அலறினாள் செயலாளரின் மனைவி. "குங்குமம் வச்சதுமேல டயர ஏத்துவாங்களா?" செருப்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வேதமூர்த்தி விடவில்லை. "கடைக்குப் போகும்போது மாட்டித்தானே ஆகணும்? அப்ப இடம் காலிதானே?"

"பூஜையில வச்சத அன்னைக்கே எடுக்கலாமா சார்?"

நல்லபெருமாள் வெறுங்காலோடு தெருவில் இறங்கி, மர நிழலாகப் பார்த்துச் சாவகாசமாக நடந்தார். நிறுத்த இடம் தேடித் தெருவையே சுற்றிக்கொண்டிருந்த புதுக்கார் மறுபடியும் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. அவர் ஓரமாக ஒதுங்கி, போங்க போங்க என்று கைகாட்டினார்.